ஆய்வகத்திலிருந்து மென்பொருளுக்கு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

வேறு அறிவியல் படித்துவிட்டு மென்பொருள் வேலை தேடுகிறவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் ஒரு சிறு அறிவிப்பு கொடுத்திருந்தோம். கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒன்று விடாமல் படித்தேன். சிலவற்றைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. நானும் வேதியியல் முதுகலை முடித்து, நான்கு ஆண்டுகள் ஒரு மருந்து ஆய்வகத்தில் நின்று, 2003-இல் சென்னையில் நிரல் எழுத வந்தவள். அதனால் இவை எனக்கு அந்நியர் எழுதிய கடிதங்களாகத் தோன்றவில்லை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறேன்.

வாசகி, கடலூர்: எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள். ஐந்து ஆண்டுகளாக மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் வேலை செய்கிறேன். வயது 28. பத்து மாதங்களாகப் பைத்தான் நிரல் மொழி படிக்கிறேன். அறுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்து, இரண்டே அழைப்புகள் வந்தன. இரண்டிலும் "கெமிஸ்ட்ரியா?" என்று கேட்டதோடு முடித்துவிட்டார்கள். ரெஸ்யூமேயிலிருந்து அந்த ஐந்து ஆண்டுகளை எடுத்துவிடுமாறு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். எடுத்துவிடவா? அல்லது எம்.சி.ஏ. சேர்ந்துவிடவா?

எடுக்காதீர்கள். அந்த ஐந்து ஆண்டுகள்தான் உங்கள் கையிலிருக்கும் மூலதனம். அதைக் கொட்டிவிட்டு, இந்த ஆண்டு கல்லூரியை விட்டு வெளிவரும் 21 வயதுப் பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்கச் சொல்கிறார்கள்.

உங்கள் ரெஸ்யூமேயின் பிரதியையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் மூன்று நிரல்கள் இருக்கின்றன: ஒரு கால்குலேட்டர், செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் ஒரு பட்டியல், வானிலை காட்டும் ஒரு பக்கம். நான் ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகளாகிவிட்டன. இந்த மூன்றையும் வாரத்துக்கு முப்பது ரெஸ்யூமேக்களில் பார்க்கிறேன். எல்லாரும் ஒரே காணொளியைப் பார்த்து எழுதியவை. அவற்றை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால் கூப்பிடுவதும் இல்லை. உங்களுக்கு அழைப்பு வராததற்கு வேதியியல் காரணமில்லை. உங்கள் வேதியியல் அந்தத் தாளில் எங்குமே தென்படவில்லை என்பதுதான் காரணம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அளவு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலைக் கருவியில் ஆறு முறை ஏற்றுகிறீர்கள். வரைபடத்தில் எழும் முகட்டின், அதாவது பீக்கின், பரப்பு ஆறு எண்களாக வருகிறது: 1030, 974, 1012, 982, 1008, 994. சராசரி சரியாக 1000. எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டுவது திட்ட விலக்கம்; அது சராசரியில் எத்தனை விழுக்காடு என்பதுதான் ஆர்.எஸ்.டி. அது 2.0 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது நீங்கள் கரைத்துக் குடித்த பாடம். எக்செல்லில் வழக்கமாகப் போடும் திட்ட விலக்கச் சூத்திரம் ஐந்தால் வகுக்கும். ஆறு எண்கள் என்றால் ஒன்று கழித்து ஐந்து. விடை 2.07 விழுக்காடு. தேறவில்லை, கருவியை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். இதே ஆறு எண்களைப் பைத்தானில் நம்பை என்ற நூலகத்திடம் கொடுத்துத் திட்ட விலக்கம் கேளுங்கள். நாம் எதுவும் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் அது ஆறால் வகுக்கும். விடை 1.89. தேறிவிட்டது! பாண்டாஸ் என்ற இன்னொரு நூலகத்திடம் கேட்டால் அது மறுபடியும் ஐந்தால் வகுத்து 2.07 என்கிறது. மொழி ஒன்று, எண்கள் அவையே; ஒரு வரி மாறினால், தேறாத கருவி தேறியதாகி, அதில் சோதித்த மருந்து சந்தைக்குப் போய்விடும்.

கணினி அறிவியல் படித்த நல்ல பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். நிரல் பிழையில்லாமல் ஓடும். 1.89 என்று வரும். யாருக்கும் சந்தேகம் வராது. உங்களுக்கு வரும். 1.89 என்ற எண்ணைப் பார்த்ததுமே, "எக்செல்லில் இப்படி வரவில்லையே" என்று உங்கள் கை நின்றுவிடும். அந்தக் கை நிற்பதற்குத்தான் நான் சம்பளம் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

ஆகவே அந்த மூன்று நிரல்களையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதுங்கள். பீக் பரப்புகள் அடங்கிய ஒரு சி.எஸ்.வி. கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) படித்து, சராசரியும் ஆர்.எஸ்.டி.யும் கணக்கிட்டு, வரம்பு மீறியதைக் காட்டி, யார் எப்போது கணக்கிட்டார் என்பதையும் பதிந்துவைக்கும் நிரல். வகுப்பது ஐந்தாலா ஆறாலா என்பதைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட்டையும் கூடவே எழுதுங்கள். அந்த டெஸ்ட் ஏன் வந்தது என்று ஒரு பத்தி விளக்கம் எழுதி, நிரல்களை எல்லாரும் பார்க்க வெளியிடும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வேலை செய்யும் இடத்தின் எண்களில் ஒன்றைக்கூட வெளியே கொண்டுவராதீர்கள். மேலே நான் செய்ததுபோல எண்களை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். மூலக்கூறுகளைப் பற்றிய தகவல் வேண்டுமானால் பப்கெம் தளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுக்கலாம்.

உங்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. இதை எந்தப் பயிற்சி மையமும் சொல்வதாகத் தெரியவில்லை. எஃப்.டி.ஏ. என்ற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997-இல் கொண்டுவந்த 'பார்ட் 11' விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மின்னணுப் பதிவில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பது அது. அந்த விதிக்கு உட்பட்டு ஆய்வக மென்பொருள் செய்யும் நிறுவனங்களும், ஆய்வகத் தகவல்களை நிர்வகிக்கும் லிம்ஸ் மென்பொருளை நிறுவிக் கொடுக்கும் நிறுவனங்களும், அதைச் சரிபார்க்கும் 'வேலிடேஷன்' பிரிவுகளும் ஆய்வகத்தில் நின்ற ஆட்களைத் தேடுகின்றன. முதல் வேலை டெஸ்ட்டிங்காக இருக்கலாம். பரவாயில்லை, போங்கள். உள்ளே போய் ஓராண்டில் நிரல் எழுதும் மேசைக்கு நகர்ந்தவர்கள் என் குழுவிலேயே இருவர்.

ஆய்வகக் குறிப்பேட்டில் தவறாக எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையொப்பமும் தேதியும் இடுவீர்கள். வெள்ளை மை பூசினால் வேலை போய்விடும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் என்ற கருவி செய்வதும் இதைத்தான். நிரலில் மாறிய ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று காத்து வைக்கிறது. புதியவர்களுக்கு இந்தப் பழக்கம் வர ஆறு மாதமாகிறது. உங்களுக்கோ அது ஐந்து ஆண்டுப் பழக்கம்.

எம்.சி.ஏ. பற்றி: இப்போது அது இரண்டே ஆண்டுப் படிப்பு. அதில் உண்மையில் கிடைக்கிற பெரிய பயன், கல்லூரிக்குள் நிறுவனங்கள் வந்து ஆளெடுப்பது. அப்படி நிறுவனங்கள் வருகிற கல்லூரியில் இடம் கிடைத்தால் சேருங்கள். டான்செட் தேர்வு எழுதுங்கள், திருச்சி என்.ஐ.டி.க்கு என்றால் நிம்செட். பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பார்கள். வேதியியலுக்குத் துணைப் பாடமாகக் கணிதம் படித்திருப்பீர்கள். அதை ஏற்கிறார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனம் எதுவும் எட்டிப் பார்க்காத கல்லூரியில் சேர்ந்தால், இரண்டு ஆண்டுச் சம்பளத்தையும் இழந்து இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். அதைவிட, வேலையில் இருந்துகொண்டே மாலை நேரத்தில் அந்த ஒரு நிரலை எழுதி முடிப்பது மேல். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி இருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புது வேலை கையில் வரும்வரை இந்த வேலையை விடாதீர்கள்.

வாசகர், நாமக்கல்: பி.எஸ்ஸி. இயற்பியல். ஜாவா படிப்பதா, பைத்தான் படிப்பதா?

எது தொடங்கினாலும் ஓராண்டு அதை விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு மொழி மாற்றிக்கொண்டிருந்தவர்களைத்தான் நான் அதிகம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சென்னையின் பெரிய சேவை நிறுவனங்களில் ஜாவாவுக்கு எப்போதும் இடம் உண்டு. இயற்பியல்காரருக்குப் பைத்தான் சீக்கிரம் பிடிபடும். இரண்டில் எது எடுத்தாலும் கூடவே தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். படியுங்கள், அதைக் கேட்காத நேர்காணல் அரிது.

பணம் கட்டிப் படிக்குமுன், ஐ.ஐ.டி.கள் போன்றவை இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பாருங்கள். சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தானில் தரவு அமைப்புகளும் படிமுறைகளும் நடத்தும் எட்டு வாரப் பாடம் அங்கே இருக்கிறது. பார்ப்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் ஒரு சிறு தொகை. ஆங்கிலம் தடையாக இருந்தால் 2012 முதல் தமிழிலேயே கணினி நுட்பம் எழுதிவரும் கணியம் தளத்தில் தொடங்குங்கள். தமிழில் ஒருமுறை புரிந்துவிட்டால் ஆங்கிலப் பாடம் பாதி எளிதாகிவிடும்.

வாசகர், பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்: எம்.எஸ்ஸி. உயிரித்தொழில்நுட்பம் முடித்து மூன்று ஆண்டுகளாக வேலை இல்லை. சென்னையில் ஒரு கன்சல்டன்சி ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறது. மூன்று ஆண்டு அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள் எல்லாம் தருவார்களாம். நேர்காணலிலும் "ஏற்பாடு" உண்டாம். அசல் சான்றிதழ்களை அவர்களிடம் வைக்க வேண்டுமாம். அப்பா நகையை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார். செய்யலாமா?

வேண்டாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கக் கூடாதே என்று கவலைப்பட்டு, உங்களுக்குத் தனியாகவும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

இது எப்படி வெளிப்படுகிறது என்று சொல்கிறேன். வருங்கால வைப்பு நிதி பிடிக்கும் எந்த வேலையில் சேர்ந்தாலும் யு.ஏ.என். என்ற ஒரே எண்தான். 2014 முதல் இருக்கிறது. எந்த நிறுவனம் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை உங்கள் பெயரில் பணம் கட்டியது என்பது அதில் வரிசையாக நிற்கும். மூன்று ஆண்டு வேலை பார்த்ததாகச் சொல்லும் ஒருவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லையென்றால் அடுத்த கேள்வி வரும். சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரிப் படிவத்தைக் கேட்பார்கள். சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் விவரத்தைக் கேட்பார்கள். இதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. பழைய அலுவலகத்தின் முகவரிக்கே ஆளனுப்பிப் பார்ப்பதும் உண்டு. பல இடங்களில் இந்தச் சரிபார்ப்பு நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகுதான் முடிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் குழுவுக்கு ஒரு பையன் வந்தான். சேர்ந்த பதினோராம் நாள் அறிக்கை வந்தது. அவன் காட்டிய நிறுவனத்தின் முகவரியில் ஒரு பூட்டிய வீடுதான் இருந்தது. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. தாவரவியல் படித்தவன். கற்றுக்கொள்ளும் வேகம் நன்றாக இருந்தது. புதியவனாகவே வந்திருந்தால் நானே எடுத்திருப்பேன். "அக்கா, வீட்டுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றான். அந்தக் குரலை இன்னும் மறக்கவில்லை. அவனைவிட, அவனிடம் பணம் வாங்கியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அவர்கள் அடுத்த பையனிடம் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை. வேலைக்கு முன்பணம் கேட்கிற எவரும், அது எந்தப் பெயரில் இருந்தாலும், வேலை கொடுக்கிறவர் இல்லை.

அந்த மூன்று ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றனவே என்று பயப்படுகிறீர்கள். முதல் ஆண்டு போட்டித் தேர்வு எழுதினேன், இரண்டாம் ஆண்டு அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, அதன்பின் டியூஷன் எடுத்தேன் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அதையே ரெஸ்யூமேயில் மூன்று வரியாக எழுதுங்கள். அந்த ஒன்றரை லட்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒரு பழைய மடிக்கணினி கிடைக்கும். மீதி நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

வாசகர், திருநெல்வேலி: நான் ஓய்வுபெற்ற தபால்காரன். மகன் எம்.எஸ்ஸி. விலங்கியலில் தங்கப் பதக்கம் வாங்கியவன். ஆற்று மீன்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தான். நான்காம் ஆண்டில் விட்டுவிட்டு வந்துவிட்டான். காரணம் சொல்ல மறுக்கிறான். இப்போது "ஆர்" என்று ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு இரவெல்லாம் கணினி முன்னால் இருக்கிறான். மென்பொருள் வேலைக்குப் போகிறேன் என்கிறான். இருபது ஆண்டுப் படிப்பு வீணாகிவிட்டதே என்று மனம் ஆறவில்லை.

ஐயா, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதலில் ஒன்று: அவர் ஏன் விட்டார் என்பதை இப்போது கேட்காதீர்கள். ஆய்வை நடுவில் விட்டு வருகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்த முடிவு ஒரு நாளில் வருவதில்லை; ஓராண்டு, இரண்டு ஆண்டுகள் தனக்குள்ளேயே வைத்து அரைத்த பிறகு வருவது. சொல்ல வார்த்தை கிடைக்கும்போது உங்களிடம்தான் முதலில் சொல்வார்.

அடுத்து, அந்த "ஆர்". நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1990-களில் உருவாக்கிய நிரல் மொழி அது. எந்த ஆற்றில், எந்த மாதத்தில், எந்த மீன் எத்தனை என்று நான்கு ஆண்டுகள் சேர்த்த கணக்குகளை உங்கள் மகன் அதில்தான் ஆராய்ந்திருப்பார். அதாவது, அவர் மென்பொருள் கற்க இனிமேல்தான் தொடங்குகிறார் என்று நினைக்காதீர்கள். நான்கு ஆண்டுகளாக நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்கு அந்தப் பெயரை அவரே இன்னும் வைத்திருக்க மாட்டார்.

படிப்பு வீணாகிவிட்டது என்கிறீர்கள். மார்கரெட் டேஹாஃப் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி இருந்தார். வேதியியலில் முனைவர். புரதங்களின் வரிசைகளைக் கையால் ஒப்பிட்டு மாளாது என்று கணினிக்கு நிரல் எழுதினார். 1965-இல் அதுவரை தெரிந்திருந்த புரத வரிசைகளையெல்லாம் திரட்டி நூலாகவே வெளியிட்டார். இன்று உயிர்த் தகவலியல் என்று ஒரு துறையே இருக்கிறது என்றால் அதற்கு வித்திட்டவர்களில் அவர் ஒருவர். ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்ற வேதியியலாளர், படிகங்களின் அமைப்பைக் கண்டுபிடிக்கத் தனக்குத் தேவைப்பட்ட நிரலைத் தானே எழுதினார். 1976-இல் ஷெல்எக்ஸ் என்று வெளியான அதை உலகெங்கும் படிகவியல் ஆய்வகங்கள் பயன்படுத்தின. டிம் பெர்னர்ஸ்-லீ ஆக்ஸ்போர்டில் படித்தது இயற்பியல். இன்று உங்கள் பேரப்பிள்ளைகள் பார்க்கும் வலைத்தளங்களுக்கெல்லாம் அடிப்படையான அமைப்பை அவர் 1989-இல் முன்மொழிந்தது செர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபோது. அங்கிருந்தவர்கள் தகவல் பகிர முடியாமல் திண்டாடியதுதான் காரணம். இவர்களோடு உங்கள் மகனை ஒப்பிட்டு ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இவர்கள் எல்லாருமே தங்கள் ஆய்வகத்தின் தொல்லை ஒன்றைத் தீர்க்கத்தான் நிரல் எழுதினார்கள். உங்கள் மகனிடமும் அப்படி ஒரு தொல்லை இருக்கும். ஒரே மீனுக்கு மூன்று பட்டியல்களில் மூன்று பெயர்கள் என்பதுபோல. அதைத் தீர்க்கும் நிரலை எழுதி வெளியிடச் சொல்லுங்கள்.

அவரிடம் மூன்று செய்திகளைச் சேர்த்துவிடுங்கள். ஆய்விலிருந்து விலகியதற்கான கடிதத்தையும், பல்கலைக்கழகத்தில் இருக்கும் அசல் சான்றிதழ்களையும் இப்போதே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிவிட வேண்டும். உதவித்தொகை பெற்றிருந்தால் அதன் நிபந்தனை என்ன என்பதையும் எழுத்திலேயே கேட்க வேண்டும். வேலைக்குச் சேரும் நேரத்தில் அலைய முடியாது. இரண்டாவது, அவர் பிளஸ் டூவில் கணிதம் இல்லாத பிரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்புக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்துப் பிளஸ் டூ தேறியிருந்தால் போதும். ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். முழுப் பட்டம் வரை போகாமல் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. மூன்றாவது, இரவில் தூங்க வேண்டும். இதை நீங்கள் சொன்னால் கேட்பார்.

ஊரார் கேட்டால் என்ன சொல்வது என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். "மகன் நிரல் எழுதுகிறான்" என்று சொல்லுங்கள். அது உண்மை.

வாசகி, ஈரோடு: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுகிறது. இனிமேல் இயற்பியலை விட்டுவிட்டு வந்து என்ன பயன்?

பூசி மெழுக மாட்டேன். புதியவர்களுக்கான இடங்கள் நான் பார்க்கக் குறைந்திருக்கின்றன. முன்பு நான்கு புதியவர்களுக்குக் கொடுத்த வேலையை இப்போது என் குழுவில் இருவர் அந்தக் கருவிகளின் துணையோடு முடிக்கிறார்கள். நிரல் வாக்கியம் எழுதத் தெரிந்தால் வேலை கிடைத்த காலம் போய்விட்டது.

ஆனால் கடலூர் வாசகிக்கு எழுதிய அந்த ஆறு எண்களை நினைத்துப் பாருங்கள். ஆர்.எஸ்.டி. கணக்கிட ஒரு நிரல் தா என்றால் கருவி நொடியில் தந்துவிடும். எதால் வகுத்தது என்று நீங்கள் கேட்டால்தான் சொல்லும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இயற்பியல் செய்முறை வகுப்பில் வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்ததும் சுழிப் பிழை, அதாவது அளக்கும் முன்பே கருவி காட்டும் பிழை, பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வந்த விடையை அலகு வைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். கருவி எழுதித் தந்த நிரலையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அதனால் முதல் ஆறு மாதம் கருவியின் உதவியில்லாமல் நீங்களே எழுதுங்கள். தப்பு வரட்டும், நீங்களே தேடுங்கள். எனக்கு சி மொழியில் பாயின்டர் புரிய மூன்று வாரமானது. அந்த மூன்று வாரத்தில் கற்றதை இருபது ஆண்டுகளாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசகி, சிவகங்கை: கணிதப் பட்டதாரி, ஆறு ஆண்டு தனியார் பள்ளி ஆசிரியை. தமிழ் வழியில் படித்தவள். அடுத்த மாதம் ஒரு நேர்காணல். "ஏன் துறை மாறுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு என்ன சொல்வது? ஆங்கிலத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

2003-இல் என்னிடமும் அதே கேள்வி வந்தது. "வேதியியல் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னேன். பொய். எனக்கு உயிராக இருந்தது வேதியியல். அப்படிச் சொன்னால்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேலை கிடைத்தது. ஆனால் ஆறு ஆண்டுகள் அங்கே யாரிடமும் நான் ஆய்வகத்தில் நின்றவள் என்று வாய் திறக்கவில்லை. ஒரு நாள் ஆய்வக மென்பொருள் ஒன்று எங்களிடம் வந்தது. வாடிக்கையாளர் "இன்ஜெக்‌ஷன்" என்று சொன்னபோது மேசையைச் சுற்றி இருந்த ஒன்பது பேரும் ஊசி என்று நினைத்தார்கள். ஆய்வகத்தில் அதற்குக் கரைசலைக் கருவியில் ஏற்றுவது என்று பொருள். அன்றுதான் நான் கை தூக்கினேன். அந்த ஆறு ஆண்டுகளுக்காக இன்றும் வருந்துகிறேன். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை ஒவ்வொரு பருவமும் கையால் போட்டு அலுத்து, எக்செல்லில் ஒரு மேக்ரோ எழுதினீர்கள். அதைப் பார்த்து மற்ற ஆசிரியைகளும் கேட்டார்கள். பிறகு பைத்தானில் எழுதினீர்கள். இப்போது பள்ளி முழுக்க அதில்தான் அறிக்கை அட்டை வருகிறது. பிடித்ததால் மேலும் கற்றேன், இனி இதையே வேலையாகச் செய்ய விரும்புகிறேன். இவ்வளவுதான். பள்ளியைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் குறை சொல்ல வேண்டாம்.

இதை முதலில் தமிழில், சத்தமாக, வகுப்பில் பாடம் நடத்துவதுபோலச் சொல்லிப் பாருங்கள். தங்குதடையில்லாமல் வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். சின்னச் சின்ன வாக்கியங்களாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாக்கியம் போதும். அலங்காரச் சொல் வேண்டாம். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள்; அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. அந்த எட்டு வாக்கியங்களை எழுதி, இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் இதழின் முகவரிக்கு எனக்கு அனுப்பிவையுங்கள். திருத்தி, உங்கள் நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பே கைக்குக் கிடைக்கும்படி திருப்பி அனுப்புகிறேன்.